காவல் மரணத்துக்குப் பிறகு என்ன கேட்டுப் போராட வேண்டும்?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “ஸ்டேஷனில் ஒருவர் இறந்தால் ரெண்டு நாள் மறியல் நடக்கிறது. ரெண்டு பேரை சஸ்பெண்ட் பண்ணுகிறார்கள், பணம் தருகிறார்கள், உடலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். கொஞ்ச நாளில் இன்னொரு ஊரில் இதே கதை. இப்படிப் போராடுவதால் போலீஸ் மாறுமா? என்ன கோரிக்கை வைத்தால் மாறும்?”

மறியலால் மட்டும் மாறாது. மறியல் நடக்கிற அந்த ஒன்றிரண்டு நாளில் எழுத்தாகவும் வீடியோவாகவும் எதை வெளியே கொண்டுவருகிறோமோ, அதனால் மெதுவாக மாறும். நம் பக்கத்துப் போராட்டங்களில் கூட்டத்துக்கும் குறைவில்லை, கோபத்துக்கும் குறைவில்லை. கோரிக்கைப் பட்டியலில்தான் கோட்டை விடுகிறோம். நான் வக்கீல். இப்படிப்பட்ட குடும்பங்களோடு மார்ச்சுவரி வாசலில் நின்றிருக்கிறேன் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

காவல் மரணம் என்றால் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் பிரேதப் பரிசோதனைக்கு மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது உண்டு. சொந்தக்காரர்கள் மார்ச்சுவரிக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருப்பார்கள். கட்சிக்காரர்கள், இயக்கத் தோழர்கள், சமுதாயச் சங்கத்துக்காரர்கள், வக்கீல்கள் என்று தனித்தனிக் கூட்டமாக நிற்பார்கள். உடலை வாங்க மாட்டோம் என்று முடிவாகிவிடும். பொழுது சாய்வதற்குள் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார். அப்போதுதான் யாராவது ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கோரிக்கைகளை எழுதுவார். முதல் வரி, சம்பந்தப்பட்ட போலீஸ்காரர்களைக் கைது செய்ய வேண்டும். ரெண்டாவது, ஒரு கோடி இழப்பீடு. மூன்றாவது, குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை. நாலாவது, வீடு அல்லது பட்டா. கடைசியில் இடம் இருந்தால், “நியாயமான விசாரணை வேண்டும்”.

அதிகாரிக்கு இது வசதியான பட்டியல். தொகையில் பேரம் பேசலாம், வேலைக்குப் பரிந்துரைக்கிறேன் எனலாம். நியாயமான விசாரணைக்கு அந்த இடத்திலேயே சரி என்று தலையாட்டிவிடலாம், அதில் அவர் கையைவிட்டுப் போவது ஒன்றுமில்லை. ஆனால் சிசிடிவி பதிவை இன்றைக்கே நீதிபதி கையில் ஒப்படை, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பின் நகலைக் கொடு, யார் உத்தரவில் எந்த எஃப்.ஐ.ஆர். எண்ணில் கூட்டிப்போனீர்கள் என்று எழுதிக் கொடு என்று கேட்டுப் பாருங்கள், அறையே அமைதியாகிவிடும். இழப்பீடு கேட்பது தப்பென்று நான் சொல்லவில்லை. சம்பாதித்துப் போட்டவனை இழந்த வீட்டில் அடுத்த வேளை உலை வைக்க வேண்டும். ஆனால் இழப்பீட்டை நீதிமன்றத்தில் பிறகும் வாங்கலாம். அழிந்துபோன பதிவை எந்த நீதிமன்றத்தாலும் மீட்டுத் தர முடியாது.

சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் வழக்கு நம் மதுரையோடு பிணைந்தது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கில் நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும் தாமாகவே வழக்கை எடுத்து, கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசனை ஸ்டேஷனுக்கே அனுப்பினார்கள். அங்கே அவர் என்ன பார்த்தார் என்பதுதான் முக்கியம். சிசிடிவி இருந்தது. பதிவைச் சேமிக்க இடமும் தாராளமாக இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்தார்கள். சம்பவ நாளின் காட்சி ஒன்றுகூட இல்லை. லத்திகளைக் கொடுங்கள் என்றால் கொடுக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் சுவரேறிக் குதித்து ஓடினார். நடுவரையே ஒருமையில் பேசினார்கள், “உன்னால ஒண்ணும் புடுங்க முடியாது” என்று. அதன்பிறகுதான் ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்குத் தாசில்தார் காவல்!

கேமரா அழித்ததை ஈடுகட்டியது ஒரு பெண் ஏட்டின் வாக்குமூலம். தலைமைக் காவலர் ரேவதி, மேசையிலும் லத்தியிலும் இருந்த ரத்தக் கறையைப் பற்றிச் சொன்னார். சக போலீஸார் வெளியே நின்று கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, பயந்து பயந்துதான் சொன்னார் என்று நடுவரின் அறிக்கையே சொல்கிறது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. ரேவதி அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்திலும் இதே பாடம்தான், வேறு வழியில். மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமார். கோயிலுக்குக் காரில் வந்தவர்களின் நகை காணாமல் போனதாகப் புகார். மானாமதுரை துணைக் கண்காணிப்பாளரின் கீழிருந்த தனிப்படை அவரைக் கொண்டுபோனது. 2025 ஜூன் 28 அன்று அவர் உயிரோடு இல்லை. கோயில் அலுவலகத்துக்குப் பின்புறம் சாதாரண உடையில் இருந்தவர்கள் அவரை அடிப்பதை ஒருவர் ஒளிந்திருந்து செல்போனில் எடுத்தார். சில நொடிக் காட்சிதான். அது வெளியானபோது, வலிப்பு வந்தது, தப்பி ஓடும்போது விழுந்தார் என்கிற வழக்கமான கதைகளுக்கு வழியில்லாமல் போனது.

ஜூலை 1 அன்று மதுரைக் கிளையில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியமும் ஏ.டி. மரியா கிளீட்டும் கேட்ட கேள்விகளைத்தான் எல்லா ஊர் மறியலிலும் கேட்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடாமல் விசாரித்தது ஏன்? தனிப்படையை அனுப்பியது யார்? ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகாமல் வேறு இடங்களில் வைத்து அடித்தது ஏன்? பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். கொலைகாரன்கூட இப்படித் தாக்க மாட்டான் என்கிற பொருளில் நீதிபதிகள் பேசினார்கள். மாவட்ட நீதிபதி ஜான் சுந்தர்லால் சுரேஷை விசாரிக்கச் சொன்னார்கள். ஐந்து போலீஸார் கைது, வழக்கு சி.பி.ஐ.க்கு மாற்றம், முதலமைச்சர் அந்தத் தாயிடம் போனில் மன்னிப்புக் கேட்டது, உயர் நீதிமன்றம் கூடுதலாக 25 லட்சம் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது, முறையான உத்தரவில்லாத தனிப்படைகளைக் கலைக்க டி.ஜி.பி. உத்தரவிட்டது எல்லாம் அடுத்தடுத்து நடந்தன. ஊர் தெருவில் இறங்கியது இதற்கெல்லாம் உந்துதல், சந்தேகமில்லை. ஆனால் அந்த செல்போன் வீடியோ இல்லாமல் வெறும் மறியல் இவ்வளவு தூரம் போயிருக்குமா? போயிருக்காது என்பதே என் கணிப்பு.

சரி, ஏன் அடிக்கிறார்கள்? “போலீஸ் என்றாலே அப்படித்தான்” என்று முடித்துவிட்டால் சீர்திருத்தம் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. நான் பார்த்தவரை, ஸ்டேஷன் அடி பெரும்பாலும் பெரிய குற்றவாளிக்கு விழுவதில்லை. நகை, பைக், செல்போன், உண்டியல் என்று சின்னத் திருட்டுச் சந்தேகத்தில் மாட்டுகிற கூலிக்காரன்மேல்தான் விழுகிறது. காரணம் ‘ரெகவரி’. மாதாந்திரக் குற்றக் கூட்டத்தில் எஸ்.பி. கேட்பது, எத்தனை கேஸ் கண்டுபிடித்தாய், எத்தனை பவுன் மீட்டாய் என்று. மீட்ட நகைகளை மேசையில் பரப்பிப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினால் பாராட்டு. மீட்காவிட்டால் எல்லார் முன்னாலும் டோஸ். அந்த டோஸ் இன்ஸ்பெக்டரிடமிருந்து எஸ்.ஐ.க்கு, எஸ்.ஐ.யிடமிருந்து தனிப்படை ஏட்டுக்கு இறங்கி, கடைசியில் யாராவது ஒருவனின் முதுகில் போய் முடிகிறது.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு இடுக்கு இருக்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த வாக்குமூலத்தின் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். வக்கீல்கள் மத்தியில் பிரபலமான பழைய சாட்சியச் சட்டம் 27ஆம் பிரிவு இது. புதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவின் கீழ் நிபந்தனையாக நுழைந்துவிட்டது. ஆக, பொருள் கிடைத்துவிட்டால் வாயைத் திறக்க வைத்த முறையை அவ்வளவாக யாரும் கிளறுவதில்லை. கைரேகை எடுப்பது, கேமராப் பதிவுகளைத் தேடுவது, அடகுக் கடைகளில் விசாரிப்பது எல்லாம் நாள் பிடிக்கிற வேலை. லத்தி ஒரு ராத்திரியில் முடிக்கிறது, பல சமயம் தப்பான ஆளிடம். திருப்புவனத்தில் நகை கிடைக்கவே இல்லை, ஆள்தான் போனார்.

எனவே “அடிக்காதே” என்று கோஷம் போடுவதைவிட, எஃப்.ஐ.ஆர். பதியாமல் யாரையும் விசாரணைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று கேட்பது பலன் தரும். இது புதுச் சட்டமும் இல்லை. புகாரில் வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே சொல்லிவிட்டது. நம் ஸ்டேஷன்களில் புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்துவிட்டு, அந்த ரசீதின் நிழலில் ஆளைக் கூட்டிவந்து உட்கார வைப்பது வழக்கம். அதுகூடக் கொடுக்காமல் நடப்பதும் உண்டு. “சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிருவோம்” என்ற வார்த்தைக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவின்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்லலாம். அல்லது முறையாகக் கைது செய்து, குடும்பத்தினரோ ஊர்க்காரர் ஒருவரோ கையெழுத்திட்ட கைதுக் குறிப்பு தயாரித்து, மருத்துவப் பரிசோதனை செய்து, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற இருட்டில்தான் ஆட்கள் சாகிறார்கள்.

மாஜிஸ்திரேட் என்றதும் ஒன்று. ரிமாண்ட் செய்யும்போது ஆளை நேரில் பார்த்து, அடித்தார்களா என்று போலீஸை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். சாத்தான்குளத்தில் மாஜிஸ்திரேட் மாடியில் நின்றபடியே ரிமாண்ட் செய்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. போலீஸை மட்டுமே திட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டத்தில் நடக்கும் தவறுகளெல்லாம் தப்பித்துக்கொள்கின்றன. டாக்டர் ‘உடல் தகுதி உள்ளது’ என்று எழுதிக் கொடுப்பதும் அப்படித்தான்.

இங்கே நம் பக்கத்து அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்து’ கையில் மாவுக்கட்டோடு நிற்கிற பையன்களின் போட்டோ வந்தால் எத்தனை பேர் சிரித்துக்கொண்டே பகிர்கிறோம்? ‘செயின் பறித்தவனுக்கு நல்லா வேணும்’ என்று நானும் கேட்டிருக்கிறேன், படித்தவர்கள் வாயிலிருந்தே. ஒரே மாதிரியாக எல்லாரும் எப்படி அந்த ஒரு பாத்ரூமில் வழுக்குகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மாவுக்கட்டுக்குக் கைதட்டுகிற ஊர் மார்ச்சுவரிக்கு முன் மறியல் செய்தால், ஏட்டு அதை எப்படிப் புரிந்துகொள்வார்? அளவு மீறிவிட்டது, அடுத்த முறை பார்த்து அடிக்க வேண்டும் என்றுதான். ‘என்கவுன்டர்’ நடந்தால் பட்டாசு வெடிப்பவர்களுக்கும் இதுதான்.

மதுரைச் சீமைக்கு இந்தச் சண்டை நேற்று வந்ததில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்த மக்களை வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் இறந்தார்கள். ரேகைச் சட்டம் என்றுதான் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். பிறந்த சாதிக்காகவே ஆம்பளைகள் ஸ்டேஷனில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும், ராத்திரி வீட்டில் படுக்கக் கூடாது. அந்தச் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. ஆளைப் பதிவேட்டில் ஏற்றிவைத்து, எது நடந்தாலும் முதலில் அவனைத் தூக்கு என்கிற பழக்கம் ஒழிந்ததா? பழைய குற்றவாளிகளுக்கு ஸ்டேஷனில் வைத்திருக்கிற ஹிஸ்டரி ஷீட்டில் ஒருமுறை பெயர் ஏறியவன் திருந்தி ஆட்டோ ஓட்டினாலும், தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் முன்னால் ஸ்டேஷனில் போய் நிற்கிறான். யார் பெயரை எப்போது நீக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நீக்குவதற்கு யாருக்கும் அவசரமில்லை.

இனி ‘போலீஸ் சீர்திருத்தம்’ என்று பேப்பரில் படிக்கிற பெரிய விஷயம். 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் போட்டது. டி.ஜி.பி.க்கு ரெண்டு ஆண்டு உறுதியான பதவிக்காலம், எஸ்.பி., இன்ஸ்பெக்டர்களுக்கும் அப்படியே, இடமாற்றத்துக்குத் தனி வாரியம், சட்டம் ஒழுங்கையும் புலனாய்வையும் பிரிப்பது என்று போகும். அதில் சாதாரண மனிதனுக்கு நேரடியாக உதவுவது ஒன்றே ஒன்று: காவல் புகார் ஆணையம். மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி, மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை ஏற்க வேண்டும் என்றது தீர்ப்பு. தமிழ்நாடு 2013இல் ஒரு காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர்.

அதாவது உங்கள் ஊர் எஸ்.ஐ. உங்களை அடித்தால், அவருடைய எஸ்.பி. உட்கார்ந்திருக்கிற குழுவிடம் போய்ப் புகார் சொல்ல வேண்டும். மாமியார் மேல் புகாரை மாமியாரின் அக்காவிடம் சொல்வது மாதிரி. எனக்கு இந்த விஷயத்தில்தான் எரிச்சல் அதிகம். ரெண்டு திராவிடக் கட்சி ஆட்சியிலும் இந்த அமைப்பை யாரும் தொடவில்லை. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சி.டி. செல்வம் தலைமையில் காவல் ஆணையமும் அமைத்தார்கள். ஆணையம் அமைப்பது நமக்குப் பழக்கமான வேலை. மதுரையில் ஒரு பொதுக் கோரிக்கையை எல்லா இயக்கங்களும் சேர்ந்து வைப்பதாக இருந்தால், இந்த ஒன்றை வைக்கலாம்: புகார் ஆணையத்திலிருந்து கலெக்டரையும் எஸ்.பி.யையும் எடு, ஓய்வுபெற்ற நீதிபதியைப் போடு, சொந்தமாகப் புலனாய்வு செய்ய ஆள் கொடு. ஒரு சட்டத் திருத்தம் போதும். மூட்டையாகப் பத்துக் கோரிக்கை வைத்தால் அரசுக்கு எது இலகுவோ அதை எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டி வைத்துவிடும்.

ஒற்றைக் கோரிக்கையின் பலத்தை மேலூர்க்காரருக்கு நான் சொல்லவே வேண்டாம். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் நிலையம் வரை பேரணியாக வந்தீர்கள். ஏலத்தை ரத்து செய், அவ்வளவுதான் கோரிக்கை. அந்த மாதம் 23ஆம் தேதி ஒன்றிய அரசு ரத்து செய்தது. அனுமதியில்லாமல் கூடியதாக 11,608 பேர்மேல் போட்ட வழக்குகளையும் மாநில அரசு திரும்பப் பெற்றது. எத்தனை பேர், எந்தப் பிரிவு என்று எல்லாம் எஃப்.ஐ.ஆரில் பதிவாகியிருந்ததால்தான் திரும்பப் பெறுவதும் எழுத்தில் நடந்தது என்பதையும் கவனியுங்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், காவல் மரணத்தில் ஊர் ஒன்றாக நிற்பது அவ்வளவு சுலபமில்லை. செத்தவன் எந்தத் தெரு, எந்த ஆள் என்று முதலில் பார்க்கிறோம். டங்ஸ்டனுக்குச் சுற்று ஊர்களெல்லாம் கூடி நின்றதுபோல் ஸ்டேஷன் அடிக்கு எதிராக நிற்பதில்லை.

போலீஸ்காரர்கள் பக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. கிராமப்புற ஸ்டேஷனில் ஒரு எஸ்.ஐ. காலையில் கோர்ட் டியூட்டி, மத்தியானம் மந்திரி பந்தோபஸ்து, ராத்திரி ரோந்து, நடுவில் நாலு திருட்டு கேஸ் என்று ஓடுகிறார். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் சுற்று மாவட்ட ஸ்டேஷன்களெல்லாம் பாதி காலியாகிவிடும். மாநகரத்தில் குற்றப்பிரிவுக்குத் தனி இன்ஸ்பெக்டர் உண்டு, கிராமத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான். புலனாய்வைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று 2006இல் சொன்னது இதற்காகத்தான். வார விடுப்புக்கு 2021இல் அரசாணை வந்தது. எடுக்க முடிகிறதா என்று உங்களுக்குத் தெரிந்த ஏட்டு யாரையாவது கேளுங்கள். அடிக்கு இது சாக்கு ஆகாது. ஆனால் ரேவதி மாதிரி வாய் திறக்கிறவர்கள் அந்த அடுக்கிலிருந்துதான் வர வேண்டும். அவர்களை மொத்தமாக எதிரியாக்கிவிட்டு உள்ளேயிருந்து சாட்சியை எதிர்பார்க்க முடியாது. சாட்சி சொன்ன போலீஸாருக்குப் பாதுகாப்பு என்ற வரியை எந்தக் கோரிக்கைப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது நடைமுறை. நடக்கக் கூடாது, நடந்துவிட்டால் முதல் ரெண்டு நாளில் என்ன கேட்பது?

எல்லாவற்றுக்கும் முன்னால் சிசிடிவி. ஸ்டேஷனின் வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை எல்லாவற்றிலும் படமும் ஒலியும் பதிகிற கேமரா வேண்டும், 18 மாதம் பதிவு இருக்க வேண்டும், எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அன்றைக்கே மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஸ்டேஷன் கேமராவோடு விடாதீர்கள். போகிற வழியில் இருக்கிற பெட்ரோல் பங்க், நகைக்கடை, டோல்கேட் கேமராக்களில் ஜீப் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போனது என்று இருக்கும். தனியார் கேமராக்களில் பதிவு சீக்கிரமே அழிந்துவிடும். உங்கள் ஊர்ப் பையன்களை மறியலில் உட்கார வைப்பதோடு, நாலு பேரை இதற்கும் அனுப்புங்கள்.

அடுத்தது பிரேதப் பரிசோதனை. காவல் மரணத்தில் நீதித்துறை நடுவர் விசாரணை சட்டப்படி கட்டாயம், இப்போது சன்ஹிதா 196ஆம் பிரிவு. ஆர்.டி.ஓ. விசாரணை அதற்கு மாற்று ஆகாது. 2020 டிசம்பரில் மதுரை மாவட்டத்து வழக்கு ஒன்றில் மதுரைக் கிளை தெளிவான நெறிமுறைகளைக் கொடுத்தது. குடும்பத்துக்குத் தெரியாமல் அறுக்கக் கூடாது, முன்னும் பின்னும் உடலைப் பார்க்க விட வேண்டும், முழுக்க வீடியோ எடுக்க வேண்டும், உடல் முழுவதும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அறிக்கையை உடனே தர வேண்டும். உயர் நீதிமன்றம் போகப்போகிறோம் என்று குடும்பம் சொன்னால் உடலை 48 மணி நேரம் பாதுகாக்க வேண்டும். உடலை வாங்க மறுத்து ரோட்டில் உட்கார்ந்து சாதிப்பதில் பாதியை, இந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தே சாதித்துவிடலாம். மேலூர் ரோட்டில் ஒத்தக்கடைக்கு முன்னால் மதுரைக் கிளை இருக்கிறது. 2004க்கு முன்னால் இதற்கெல்லாம் மெட்ராசுக்கு ரயிலேற வேண்டும்.

போராட்டத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மறியலில் ஆம்புலன்ஸ் மாட்டினால் அடுத்த நாள் பேச்சு செத்தவரைப் பற்றி இருக்காது. பஸ் கண்ணாடி உடைந்தால் இன்னும் மோசம், ஊர்ப் பையன்கள்மேல் கேஸ் விழும், பிறகு பேச்சுவார்த்தையில் அந்தக் கேஸை வாபஸ் வாங்குவதே முக்கியக் கோரிக்கையாகிவிடும். இப்படிப் பேரம் திசைமாறியதை நேரில் பார்த்திருக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் திருவள்ளுவர் சிலை, பழங்காநத்தம் மாதிரி வழக்கமான இடங்களில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு நீதிமன்றம் போங்கள்.

குடும்பத்துக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடலாம். மதுரையிலேயே இயங்குகிற மக்கள் கண்காணிப்பகம் 1995 முதல் இந்த மாதிரி வழக்குகளில் உண்மை கண்டறிகிற வேலையைச் செய்கிறது. மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். கேஸ் முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்காதீர்கள். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992இல் வனத்துறையினரும் போலீஸாரும் ஊர் மக்கள்மேல் நடத்திய கொடுமைக்குத் தீர்ப்பு 2011இல் வந்தது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். அத்தனை வருஷமும் தாங்கியது அந்த ஊர்ப் பெண்களின் சாட்சியம். அதனால் இழப்பீட்டுக் காசோலை வாங்குகிற அன்று குடும்பத்தில் விவரமான ஒருவரிடம் ஒரு ஃபைல் போட்டுக் கொடுங்கள்: மனுக்களின் ரசீது, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வீடியோ நகல், சாட்சிகளின் போன் நம்பர், சம்மனுக்கு எந்த முகவரி கொடுத்திருக்கிறார்கள் என்பது உட்பட. சாட்சி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், ஆளைக் காணோம் என்று கேஸ் தள்ளிப்போவதுதான் அதிகம்.